காடு குறைந்தால் மழை குறையுமா?

ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி வட்டாரங்களில் மானாவாரி ராகி சாகுபடி செய்யும் விவசாயிக்கு ஆண்டில் இரண்டு மழை முக்கியம். ஒன்று, சித்திரை, வைகாசியில் இடி மின்னலோடு வரும் கோடை மழை. இது உழவுக்கு. மற்றொன்று, ஆடிக்குப் பின் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வரும் மழை. இது பயிருக்கு. முதல் மழை தவறினால் உழவு தள்ளிப் போகும். உழவு தள்ளிப் போனால் விதைப்பும் தள்ளிப் போகும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரம் இராது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது என்ற கணக்கு இந்த விவசாயிக்கு அவ்வளவாகப் பயன்படாது. எந்த வாரம் பெய்தது, எத்தனை நாள் இடைவெளி விட்டுப் பெய்தது என்பதில்தான் அவர் வீட்டுக் குதிரின் நிலை இருக்கிறது.

இந்த இடைவெளி முன்போல இல்லை என்பது கிராமங்களில் பரவலாகக் கேட்கும் குறை. மலையில் இருந்த மரம் போயிற்று, மழையும் அதன் பின்னால் போயிற்று என்று பெரியவர்கள் காரணமும் சொல்லிவிடுகிறார்கள். படித்த பிள்ளைகள் இதை ஒப்புவதில்லை. மழை கடலில் இருந்து வருவது, அதற்கும் மரத்துக்கும் என்ன தொடர்பு என்கிறார்கள். இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை விளங்கிக்கொள்வது, வரப்பில் நிற்கும் புளியமரத்தை வியாபாரிக்கு விலை பேசும் முன்பும், மேட்டு நிலத்தில் தைலமரம் வைக்கும் முன்பும் பயன்படும்.

பழைய வழக்கு

காட்டுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றிய விவாதம் புதிதன்று. 1800இல் தென் அமெரிக்காவில் பயணம் செய்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், வெனிசுவேலா நாட்டின் வலென்சியா ஏரி வற்றி வருவதைக் கண்டார். சுற்றியிருந்த காட்டை அழித்ததே அதற்குக் காரணம் என்று எழுதினார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், மரங்கள் மழையை வரவழைப்பது பற்றியும் ஈரத்தைக் காப்பது பற்றியும் 1849இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் இவரே.

அந்தக் காலத்திலேயே இந்தப் பக்கத்து மலைகளில் கோடாரி வேலை மும்முரமாக நடந்தது. 1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கும், பிறகு பெங்களூருக்கும் ரயில் பாதை வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். இன்ஜினுக்குப் போட விறகு வேண்டும். இரண்டையும் மலைதான் கொடுத்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து ரிசர்வ் காடுகள் எல்லை கட்டப்பட்டபோது, எளிதில் எட்டும் இடங்களில் பெரிய மரங்கள் அனேகமாகத் தீர்ந்திருந்தன.

இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, காட்டைக் காத்தால் மழை கூடும் என்பதற்கு மத்திய மாகாணத்தின் மழைக் கணக்குகளைச் சான்றாகக் காட்டி 1887இல் எழுதினார். பின்னர் அதே துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், 1910இல் நாடு முழுவதற்குமான மழைக் கணக்குகளை ஆராய்ந்து, மழையில் நிலையான மாறுதல் ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறினார். அதன் பின் பல ஆண்டுகள், காடு மழை தரும் என்பது கிராமத்து நம்பிக்கை என்றே அறிவியலார் ஒதுக்கி வைத்தனர். காற்றில் உள்ள ஈரம் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியும் வழி அப்போது இல்லை. அந்த வழி 1970களில்தான் கிடைத்தது.

மரம் விடும் ஈரம்

மரம் வேரால் நீரை உறிஞ்சி இலையின் நுண்துளைகள் வழியாக ஆவியாக விடுகிறது. எல்லாப் பயிரும் இதைச் செய்கிறது. ஆனால் ராகியின் வேர் மேல் மண்ணோடு நிற்கும். காட்டு மரத்தின் வேர் பாறை இடுக்கு வரை போகும். மழை நின்று பல வாரங்கள் ஆன பின்னும் மரம் ஆழத்து ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு அனுப்பும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். ஏக்கருக்குச் சுமார் 4,050 லிட்டர். மண்ணில் ஈரம் உள்ள நாட்களில் நல்ல காடு நாள் ஒன்றுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை ஆவியாக்கும். ஆக, ஒரு ஏக்கர் காட்டில் இருந்து ஒரு நாளில் 12,000 முதல் 16,000 லிட்டர் வரை நீர் ஆகாயத்துக்குப் போகிறது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது, நீரோடு போகும் வெப்பத்தை. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 16,000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 11,000 யூனிட். 5 குதிரைத்திறன் மோட்டார் இரவு பகலாக ஓடினால் நாளுக்குச் சுமார் 90 யூனிட் ஆகும். அந்த மோட்டார் நான்கு மாதம் நிற்காமல் ஓடும் அளவு வெப்பத்தை ஒரு ஏக்கர் காடு ஒரே நாளில் நீராவிக்குள் அடைத்து மேலே அனுப்பிவிடுகிறது. மரத்தை எடுத்துவிட்டால் வெயில் குறைவதில்லை. நீராவிக்குள் போன வெப்பம் இப்போது தரையையும், தரையை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது. காட்டு ஓரத்தில் நிற்பதற்கும் ஜல்லிக் குவாரி ஓரத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நிழல் அதில் ஒரு பகுதி மட்டுமே.

மேகத்தின் அடி உயரம்

தரையில் இருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை உள்ள காற்று, பகலில் தரையோடு சேர்ந்து கொதிக்கும் பானைபோலப் புரண்டுகொண்டிருக்கும். இதுவே வளிமண்டலத்தின் அடித்தட்டு. மேகம் கட்டுவது இந்த அடித்தட்டின் தலையில். ஆகவே தரையில் நேரும் மாற்றம் முதலில் இங்கே தெரியும்.

சூடான காற்று மேலே போகப் போகக் குளிரும். குறிப்பிட்ட உயரத்தில் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறும். அந்த உயரமே மேகத்தின் அடி. காற்றின் வெப்பத்துக்கும், பனி கட்டும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் மேகத்தின் அடி சுமார் 125 மீட்டர் உயரும் என்பது வானிலைத் துறையினர் கையாளும் எளிய கணக்கு.

உதாரணமாக, மரங்கள் அடர்ந்த நிலத்தின் மேல் பிற்பகலில் காற்றின் வெப்பம் 30 டிகிரி, பனி கட்டும் நிலை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8. மேகம் 1,000 மீட்டரில் கட்டும். மொட்டை நிலத்தின் மேல் வெப்பம் 34, பனி கட்டும் நிலை 18 என்றால் வித்தியாசம் 16. மேகம் 2,000 மீட்டருக்குப் போய்விடும். அங்கே மேகம் கட்டினாலும் அதில் இருந்து விழும் துளி வறண்ட காற்றில் இரண்டு மடங்கு தூரம் இறங்கி வர வேண்டும். சிறு துளிகள் வழியிலேயே காய்ந்துவிடும். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, தூரத்தில் மழை திரை போலத் தொங்குகிறது, ஆனால் தரைக்கு வந்து சேரவில்லை என்ற காட்சியை மானாவாரி விவசாயிகள் பலமுறை பார்த்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. காட்டின் தலை கரடுமுரடானது. அதன் மேல் போகும் காற்று தடுக்கப்பட்டுக் கலங்கி மேலே எழும். வழுவழுப்பான வெற்று நிலத்தின் மேல் காற்று நழுவிப் போய்விடும். அடுத்து, காடு கருமையானது, விழும் வெயிலில் 100க்கு 12 முதல் 15 பங்கையே திருப்பி அனுப்பும். உலர்ந்த வெற்று மண் 20 முதல் 30 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். அந்த அளவுக்கு மேலெழும் காற்றின் வேகம் குறையும். இந்த இரண்டாவது காரணத்தை வைத்து, ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் மேய்ச்சலால் புல் அழிந்தது மழையைக் குறைத்திருக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் சார்னி 1975இல் கூறினார்.

அமேசானில் கண்டது

காற்றில் உள்ள ஈரத்தின் பூர்வீகத்தை முதலில் தெளிவாக அறிந்தது பிரேசில் நாட்டில். எனியாஸ் சலாட்டி என்ற அறிஞரும் அவரது குழுவினரும் 1970களில் அமேசான் காடு நெடுகிலும் மழை நீரைச் சேகரித்து ஆராய்ந்தனர். நீரில் சாதாரண ஆக்சிஜனோடு சிறிதளவு கனமான ஆக்சிஜனும் உண்டு. கடலில் இருந்து வரும் ஈரக் காற்று மழையாகப் பெய்துகொண்டே உள்நாட்டுக்குப் போகும்போது, கனமான பங்கு முதலில் இறங்கிவிடும். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் உள்ளே போனால் மழை நீரில் கனமான ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்க வேண்டும். அமேசானில் அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பெய்த மழையை மரங்கள் உறிஞ்சி, அதே நிலையில் மீண்டும் ஆகாயத்துக்கு அனுப்புகின்றன என்பதே இதற்கு விளக்கம். அங்கு பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, காடே திருப்பி விட்ட ஈரம் என்று கணக்கிட்டார்கள்.

பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு இன்னும் வெளிப்படையானது. வெப்ப மண்டலத்தின் பெரும் பகுதியில், கடந்த சில நாட்களாக அடர்ந்த பசுமையின் மேல் பயணம் செய்து வந்த காற்று, பசுமை குறைந்த நிலத்தின் மேல் வந்த காற்றைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு மழை தருகிறது. அதே பல்கலைக்கழகத்தினர் 2023இல், 2003 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து அளவையும் கூறினர். 200 கிலோமீட்டர் நீள அகலமுள்ள நிலப்பரப்பில் காடு 100க்கு 1 பங்கு குறைந்தால், மாத மழை சுமார் கால் மில்லிமீட்டர் குறைகிறது.

கால் மில்லிமீட்டர் என்றதும் அற்பமாகத் தோன்றும். 100க்கு 10 பங்கு காடு போனால் மாதத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஆண்டுக்கு 30 மில்லிமீட்டர். அது ஒரு நல்ல உழவு மழை. இந்தக் கணக்கு அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியா ஆகிய ஈரக் காடுகளில் எடுத்தது. ஓசூருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் போகும் திசையைக் காட்டுகிறது.

மாறான ஒரு செய்தியையும் சொல்லாமல் விடக் கூடாது. காட்டில் சிறு சிறு பகுதிகளை வெட்டினால் மழை உடனே குறைவதில்லை. வெட்டிய இடம் சூடாகி, பக்கத்துக் காட்டில் இருந்து குளிர்ந்த ஈரக் காற்றை இழுத்து, அந்த ஓரத்தில் மேகம் அதிகம் கட்டுவது பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் காணப்பட்டது. ஆகவே முதல் பத்து, இருபது ஆண்டுகளில் மரம் வெட்டியவருக்கு நஷ்டம் தெரியாமல் போகலாம். வெட்டு பரந்து சேர்ந்த பின் நிலைமை மாறுகிறது. ஒரு பக்கம் மழை கூடி, மற்றொரு பக்கம் குறைகிறது. மரத்தை வெட்டினார்கள், மறு வருடமே மழை நன்றாகப் பெய்தது என்று சொல்பவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால் உள்ள காடு

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தில் பெரும் பகுதியைக் கொட்டிவிட்டு, குடகு, மைசூர், மாண்டியா வழியாக இங்கு வருகிறது. அதாவது இது மழை மறைவுப் பிரதேசம். கடலில் இருந்து வந்த ஈரம் குறைந்துவிட்ட நிலையில், வழியில் உள்ள காடுகள் விடும் ஈரம் காற்றுக்குக் கைச்செலவு போல உதவுகிறது.

இந்த உதவியின் அளவை மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்டனர். மழை குறைந்த ஆண்டுகளில், தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையில் 100க்கு 25 முதல் 40 பங்கு வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் ஆவியாக்கிய நீர் என்பது அவர்கள் கணக்கு. அந்த மலைகளில் 1920 முதல் 1990 வரையிலான எழுபது ஆண்டுகளில் இயற்கைக் காட்டின் 100க்கு 40 பங்கு தோட்டமாகவும் நிலமாகவும் நீர்த்தேக்கமாகவும் மாறிவிட்டது என்று வேறொரு ஆய்வு கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தளியில் ராகி விதைக்கும் விவசாயிக்குத் தாம் ஒரு நாளும் பார்த்திராத குடகுக் காட்டில் பங்கு உண்டு என்பது விளங்கும்.

காவிரி நீருக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைத்தார்கள், 2007இல் அதன் தீர்ப்பும் 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. தென்பெண்ணைக்கும் தகராறு நடக்கிறது. காற்றில் எல்லை தாண்டி வரும் ஈரத்துக்கு மட்டும் அளவு எடுப்பாரும் இல்லை, வழக்குப் போடுவாரும் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கமும் காடு உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி ஆகிய இடங்களைத் தழுவி நிற்கும் மேலகிரி மலையில், 2014இல் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 1,190 சதுர கிலோமீட்டர். ஈரமுள்ள நாட்களில் இந்தப் பரப்பு நாளுக்கு 3 மில்லிமீட்டர் ஆவியாக்கினால், இரண்டு வாரத்தில் கிருஷ்ணகிரி அணை கொள்ளும் நீர் முழுவதும் ஆகாயத்துக்குப் போய்விடும். இவ்வளவு நீர் வீணாகிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். வீணாகவில்லை. தென்மேற்குக் காற்றில் அது கிழக்கே, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் போகிறது. மேலகிரி விட்ட ஈரம் மேலகிரியிலேயே பெய்யும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்பும்போது கிழக்கே உள்ள ஜவ்வாது மலைப் பக்கத்து ஈரம் இங்கு வரும்.

ஆனால் சரணாலயம் என்று அறிவித்ததும் மரம் முளைத்துவிடாது. வரைபடத்தில் காடு என்று பச்சை வண்ணம் பூசிய இடங்களில் உள்ளே போனால் உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடப்பதைக் காணலாம். அதன் நடுவே மரக்கன்று தலைதூக்குவது கடினம். மாசி, பங்குனியில் புதுப் புல் வேண்டி வைக்கும் தீ, பிழைத்த கன்றையும் பொசுக்கிவிடுகிறது. யானைகள் மார்கழியில் ராகிக் களத்துக்கு வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

சித்திரை மழை

இந்த வட்டாரத்துக் காடு இலையுதிர் காடு. தை, மாசியில் இலை உதிரும். ஆனால் மழை வரும் வரை காத்திராமல், கொளுத்தும் பங்குனி, சித்திரையிலேயே பல மரங்கள் தளிர்விடும். ஆழத்தில் சேமித்த நீரை நம்பித் தளிர்க்கின்றன. அதே மாதங்களில் விளைநிலம் முழுவதும் தரிசாகக் காய்ந்து கிடக்கும். இறவைத் தோட்டங்களையும் ஏரி, அணைகளையும் விட்டால், அந்த நேரத்தில் உள்ளூர்க் காற்றுக்கு ஈரம் கொடுப்பது மரம் ஒன்றுதான்.

கோடை இடி மழை பெரும்பாலும் உள்ளூர்ச் சூட்டில் எழும் மேகத்தால் வருவது. அதற்குச் சூடும் வேண்டும், அடித்தட்டில் ஈரமும் வேண்டும். சூட்டுக்கு இப்போது பஞ்சமில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின் ஆலைகளும், மனைப் பிரிவுகளும், சாலைகளும் பெருகி, 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் 1973க்குப் பின் நாற்பது ஆண்டுகளில் கட்டடப் பரப்பு 584 சதவீதம் கூடியது, பசுமை 66 சதவீதம் குறைந்தது என்று அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தினர் செயற்கைக்கோள் படங்களில் இருந்து கணக்கிட்டுள்ளனர். இவ்வளவு சிமெண்டும் தாரும் சேர்ந்து சூட்டைக் கூட்டுகின்றன. ஈரம் மட்டும் குறைகிறது.

இதனால் மழையே வராது என்பதில்லை. நகரத்துச் சூடு காற்றை வேகமாக மேலே தூக்கி, நகரத்தின் மேலும் அதற்கு அப்பாலும் திடீர் மழையைக் கொட்ட வைப்பது உலகில் பல நகரங்களில் காணப்பட்டுள்ளது. ஒரே மணி நேரத்தில் கொட்டும் மழை விவசாயிக்கு அரைகுறை உதவிதான். சரிவான செம்மண் நிலத்தில் அது ஊறுவதைவிட ஓடுவதே அதிகம், போகும்போது மேல் மண்ணையும் கொண்டுபோகும்.

எல்லாப் பழியையும் காட்டு அழிவின் மேல் போடுவதும் தவறு. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய பெரும் பஞ்சம் கடலின் மேலும், காற்றோட்டத்திலும் ஏற்படும் மாற்றத்தால் வருவது. மரம் அதைத் தடுத்திருக்காது. மரத்தின் வேலை, சாதாரண ஆண்டில் இரண்டு மழைக்கு இடையே உள்ள நாட்களைக் குறைப்பதும், வந்த மழையை மண்ணில் நிறுத்துவதும்.

தைலமரம் காடாகாது

மரம் என்றால் எந்த மரமும் சரிதானே என்று கேட்டு, ஆள் பற்றாக்குறையால் ராகி நிலத்தில் தைலமரம் வைத்தவர்கள் இப்பகுதியில் பலர். ஓசூருக்கு வடக்கே, கர்நாடகத்தில் உள்ள ஒசகோட்டையில் 1990களின் தொடக்கத்தில் இதை அளந்து பார்த்தார்கள். விளைநிலத்தில் வைத்த இளம் தைலமரங்கள் மூன்று ஆண்டுகளில், அந்த நிலத்தில் பெய்த மழையைவிட அதிகமான நீரை எடுத்திருந்தன. மீதியை ஆழ் மண்ணின் பழைய சேமிப்பில் இருந்து உறிஞ்சின என்பது இதன் பொருள். அதே ஆய்வில், மண் ஆழம் குறைந்த வேறு இடத்தில் தைலத் தோப்பும் இயற்கைக் காடும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் எடுத்தன. ஆகவே தைலமரத்தைப் பேய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆழமான மண்ணுள்ள விளைநிலத்தில், கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் அதை வைப்பது சேமிப்புப் பணத்தை எடுத்து வட்டிக்கடை நடத்துவது போன்றது. கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

காட்டில் பல உயரங்களில் மரம், அடியில் செடி, அதற்கும் அடியில் சருகு என்று அடுக்குகள் இருக்கும். மழைத் துளி நேராக மண்ணில் மோதாது. ஊறிய நீரில் ஒரு பங்கு மரத்துக்கும் ஒரு பங்கு ஊற்றுக்கும் போகும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டும் தோப்பில் இந்த அடுக்குகள் உருவாக நேரமே இல்லை.

விவசாயி செய்யக்கூடியது

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வரப்பில் பத்து மரம் வைத்தால் மழை வந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று. மழை கூடுவதற்கு மாவட்டக் கணக்கில் பசுமை வேண்டும். ஆனால் அந்தப் பத்து மரம் அவருடைய நிலத்திலேயே வேறு வகையில் பலன் தரும். மேற்குப் பக்கத்து வரப்பில் நெருக்கமாக வைத்த மரவரிசை, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை ஆடிக் காற்றின் வேகத்தைத் தணிக்கும். காற்று தணிந்தால் மண் ஈரம் மெதுவாகக் காயும். புங்கன், வேம்பு, நாவல், நெல்லி, சீத்தா ஆகியவை இந்த மண்ணுக்கு ஏற்றவை. புங்கன் தழை எருவாகவும் உதவும். புளியும் மாவும் நிழல் பரப்புபவை. அவற்றை நிலத்தின் மூலையிலோ, ஓடைக் கரையிலோ வைக்கலாம். வேர் பயிருக்குள் வராமல் இருக்க, மரத்தை ஒட்டிப் பயிர்ப் பக்கம் இரண்டடி ஆழத்துக்குச் சால் வெட்டிவிட்டால் போதும். அந்தச் சால் மழை நீரையும் நிறுத்தும்.

ராகியைத் தனியாக விதைப்பதைவிட, 8 வரிசை ராகிக்கு 2 வரிசை துவரை என்று விதைப்பது நல்லது. ராகி அறுவடைக்குப் பின்னும் துவரை தை மாதம் வரை பசுமையாக நின்று நிலத்தை மூடும். முன்னோர்கள் ராகியோடு அவரை, ஆமணக்கு, பேய் எள் என்று கலந்து விதைத்ததன் நன்மையும் இதுவே. கோடை மழைக்குப் பின் ஆடி வரை சும்மா கிடக்கும் நிலத்தில் கொள்ளு தூவி, பூக்கும் முன் மடக்கி உழுதால் வெயில் நேராக மண்ணைச் சுடாது. அறுவடைக்குப் பின் தட்டையையும் சருகையும் கொளுத்துவதைக் கைவிட வேண்டும். புகையில் உள்ள நுண்துகள்கள் மேகத்துளிகளை மிகச் சிறியதாக்கி, மழையாக விழுவதைத் தாமதப்படுத்தும் என்றும் ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

முதல் மழை பொய்த்து விதைப்பு தள்ளிப் போகும் ஆண்டுகளில், நீண்ட கால ராகியைப் பிடிவாதமாக விதைப்பதில் பயனில்லை. காவேரிப்பட்டணம் அருகில் பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில், மானாவாரிக்கென்றே வெளியிட்ட ராகி, சாமை, கொள்ளு ரகங்கள் உண்டு. எந்த வாரத்துக்குப் பின் எந்த ரகம் என்று அங்கு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மரக்கன்று வேண்டுவோருக்கு வனத் துறையின் நாற்றங்கால்கள் உள்ளன. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 100க்கு 33 பங்காக உயர்த்தும் நோக்கத்தோடு 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. கன்று வாங்குவதைவிட, மூன்று கோடை அதைக் காப்பாற்றுவதே கடினம். ஆட்டுக்கு எட்டாத அளவு வளரும் வரை முள் கட்ட வேண்டும். ஆவணியில் நட்டால் இரண்டு பருவ மழையும் கன்றுக்குக் கிடைக்கும்.

மழைக் கணக்கு

ஓர் ஊரில் மழை பெய்து அடுத்த ஊரில் பெய்யாமல் போவது இந்த மேட்டு நிலத்தில் சகஜம். அரசு மழைமானி வட்டத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவராவது மழையை அளந்து நோட்டில் எழுதி வருவது நல்லது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பா போதும். திறந்த வெளியில், பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, காற்றில் சாயாதபடி கல் வைத்து நிறுத்த வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு, தேங்கியுள்ள நீரின் ஆழத்தை மாணவர் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையும் இந்த நேரத்தில்தான் அளக்கிறது. மழை பெய்யாத நாளில் பூஜ்யம் எழுத மறக்கக் கூடாது. தொடர்ச்சியாக எத்தனை பூஜ்யம் விழுகிறது என்பதே, விதைப்புத் தேதியையும் ரகத்தையும் தீர்மானிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.